டிஸ்க் வளையவில்லை

போன வாரம் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனை என் முன்னால் நீட்டினார். அவருடைய காருக்கு ஒர்க்‌ஷாப்பில் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டான முன்பக்க டிஸ்க் இரண்டு, அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் ஒரு செட், லேபர் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். "பைபாஸ்ல பிரேக் அடிச்சா ஸ்டீரிங் உதறுதுண்ணா. டிஸ்க் பெண்டாம். மாத்தியே ஆகணும்னு சொல்றாங்க" என்றார். இதற்கு முன்னால் எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். ஏழெட்டு மாசம் ஆகுதுண்ணா, அப்பவும் இதே பிரச்சினைதான் என்றார். ஹப்பைச் சுத்தம் பண்ணினார்களா என்று கேட்டேன். டிஸ்க் உட்காரும் நடுப்பகுதிதான் ஹப், அது எது என்று அவருக்குத் தெரியவில்லை. அதில் அவர் தப்பு ஒன்றும் கிடையாது, கொஞ்ச காலம் முன்பு வரை எனக்கும் தெரியாது.

அன்று ராத்திரி படுத்த பிறகும் அந்த எஸ்டிமேட் மனசை விட்டுப் போகவில்லை. புது டிஸ்க் போட்டு ஏழெட்டு மாசத்தில் உதறல் திரும்பி வருகிறது என்றால் அது அப்படியே என் கதை. ஒன்றரை வருடம் அந்த உதறலோடு வண்டி ஓட்டினேன், பணம் கொடுத்துக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லைத்தான் கேட்டு வந்தேன்: டிஸ்க் பெண்ட். இந்தச் சொல் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. அதைச் சொன்ன மெக்கானிக் யார் மேலும் கோபமில்லை, சொல் மேல்தான். அதைச் சொன்னதும் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். வளைந்த பொருளை என்ன செய்வது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கவேண்டியதுதானே என்று மனசு தானாக அங்கே போய்விடுகிறது.

அதனால் அந்தத் தம்பிக்கு மதியம் அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

பேலன்ஸிங்கில் தொடங்கியது

எனக்கு வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, ராணிப்பேட்டையில் வேலை. தினமும் ரத்தினகிரி, மேல்விஷாரம் தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறிப் போய் வருவேன். வண்டி 2016-இல் வாங்கிய சின்ன கார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது, வண்டி இரண்டு நாள் பாதிச் சக்கரம் மூழ்கி நின்றது. தண்ணீர் வடிந்ததும் இன்ஜின் ஆயில் மாற்றினேன், தரை விரிப்பைக் காய வைத்தேன், பிரேக் ஒன்றிரண்டு நாள் கரகரத்துவிட்டுச் சரியானது. அத்தோடு மறந்துவிட்டேன்.

அடுத்த மே மாத வெயிலில்தான் முதலில் கவனித்தேன். வண்டி 90, 100-இல் போகும்போது ஒன்றும் இல்லை, வழவழவென்று போகிறது. பிரேக்கைத் தொட்டதும் ஸ்டீரிங் இடமும் வலமும் சின்னச் சின்னதாகத் துடிக்கிறது. வேகம் 60-க்குக் கீழே வந்ததும் காணாமல் போய்விடுகிறது. ஊருக்குள் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நூறு தடவை பிரேக் அடித்தாலும் வராது. தெரிந்தவர் ஒருவரிடம் சொன்னேன். ஸ்டீரிங் ஆடினால் வீல் பேலன்ஸிங் என்றார். போட்டேன். அலைன்மென்டும் சேர்த்துப் போட்டார்கள். உதறல் அப்படியே இருந்தது. இன்னொரு கடையில் மறுபடி பேலன்ஸிங். டயரை முன்னுக்குப் பின் மாற்றினார்கள். அதற்கும் பலனில்லை.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேலன்ஸிங் பிரச்சினை என்றால் பிரேக் அடிக்காமல் சும்மா போகும்போதே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீரிங் நடுங்கும். பிரேக் அடிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக்கைத்தான் முதலில் பார்க்கவேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் அந்த இரண்டு பேலன்ஸிங் காசு மிச்சமாகியிருக்கும். அதைவிட அந்த இரண்டு மாசமும் உதறும் பிரேக்கோடு ஓட்டியிருக்க மாட்டேன்.

ஆகஸ்டில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தவர் இறங்கும்போதே சொன்னார், டிஸ்க் பெண்ட் சார். கழற்றி லேத்தில் கொடுத்துக் கடைந்து போட்டார்கள். அன்று பைபாஸில் பிரேக் அடித்துப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வராத குறை, அவ்வளவு சுத்தமாக நின்றது. ஐந்து மாசம் கழித்து, சுமார் 7,000 கிலோமீட்டரில், உதறல் திரும்பி வந்தது. கடைந்த டிஸ்க் தாங்காது சார், புதுசு போட்டுடலாம் என்றார்கள். 2023 பிப்ரவரியில் புது டிஸ்க், புது பேட். மறுபடியும் அருமை. அந்த செப்டம்பரில் மறுபடியும் உதறல். இந்த முறை காரணம் கேட்டேன். நீங்க பிரேக் அதிகமா யூஸ் பண்றீங்க சார், சூட்டுல பெண்ட் ஆயிடுது என்றார்கள். நான் அப்படி ஓட்டுகிற ஆள் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் என் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஓட்டினேன்.

மாதனூரில்

அந்த நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். அம்மா முன் சீட்டில், பின்னால் மனைவியும் மகளும். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி மாதனூர் நெருங்கும்போது வலது லேனில் 95-இல் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர், பின்னால் கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு, எந்த சிக்னலும் இல்லாமல் நடுத் தடுப்பு இடைவெளியைப் பார்த்துக் குறுக்கே திரும்பிவிட்டது. பிரேக்கை அழுத்தினேன். ஸ்டீரிங் கையை உதறித் தள்ளுகிற மாதிரி ஆடியது. வண்டி நின்றது, நிற்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று நான்கு நொடியில் இடது பக்கம் கொஞ்சம் ஒடித்து டிரெய்லரின் பின்னால் நுழைந்து போகவேண்டும் என்று தோன்றியபோது, ஆடுகிற ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்புகிறோம் என்பதே என் கைக்குத் தெரியவில்லை. டிராக்டர் எப்படியோ வேகமாக ஏறிப் போனது. கரும்புத் தோகை எங்கள் பானெட்டுக்கு முன்னால் உரசுகிற தூரத்தில் ஆடிக்கொண்டே போனதை இப்போதும் பார்க்க முடிகிறது.

அம்மா ஒரு கையால் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். "இன்னாடா இது, ஜொரம் வந்த புள்ள மாதிரி ஒதறுது? காட்ட மாட்டியா?" என்றார். காட்டாமல் இல்லையம்மா, நாலு இடத்தில் காட்டிவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. காட்டியது உண்மை. ஆனால் நான் ஒருமுறைகூட யாரிடமும் ஏன் என்று இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. நிச்சயதார்த்த வீட்டில் பிரியாணி முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் கை லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

பாய் கேட்ட கேள்விகள்

அந்த வீட்டிலேயே ஒரு மாமா, லாரி வைத்திருப்பவர், கொணவட்டத்தில் ஒரு பாய் ஷெட்டுக்குப் போகச் சொன்னார். பெரிய இடம் இல்லை. முன்னால் தகரக் கூரை, பின்னால் ஒரு பழைய லேத், சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்ட ஸ்பேனர்கள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். பாய்க்கு அறுபதுக்கு மேல் வயசிருக்கும். வண்டியைத் தொடவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"சும்மா போறச்சே ஆடுதா, பிரேக் அடிச்சா மட்டுமா?"

பிரேக் அடித்தால் மட்டும்தான் பாய்.

"எந்த ஸ்பீடுல ஜாஸ்தி?"

எண்பதிலிருந்து நூறுக்குள்.

"ஸ்டீரிங் மட்டுமா, சீட்டும் சேந்து ஆடுதா? பெடல் கால உதைக்குதா?"

ஸ்டீரிங்தான் அதிகம், பெடலில் லேசாகத் தெரியும், சீட்டில் இல்லை.

"ஒரு பக்கமா இழுக்குதா? காலைல மொத பிரேக்லயே வருதா, சூடான அப்புறமா? புது டிஸ்க் போட்டு எத்தினி கிலோமீட்டர்ல திரும்பி வந்துது?"

கடைசிக் கேள்விக்கு ஏழாயிரம், அப்புறம் பத்தாயிரம் என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஒன்றரை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவருக்குப் பாதிப் பதில் அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. போட்ட அன்றே உதறினால் பொருளிலோ பொருத்தியதிலோ கோளாறு என்று நேராகத் தெரிந்துவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டுத்தான் வருகிறது என்றால், ஏதோ ஒன்று அந்தப் புது டிஸ்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

ஓட்டிப் பார்க்கப் போனோம். அன்று பொய்கையில் மாட்டுச் சந்தை, ஹைவே ஓரமெல்லாம் மாடு ஏற்றிய மினி வேன்கள், அதனால் அதைத் தாண்டி ரோடு காலியாகும் வரை காத்திருந்து 90-இல் ஒரு பிரேக் அடித்தார். ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடிக்கவில்லை, இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். கெட்டியாகப் பிடித்தால் கை எல்லாத்தையும் முழுங்கிடும் என்றார். அப்புறம் சர்வீஸ் ரோட்டில் முன்னும் பின்னும் ஆளில்லாத நேரம் பார்த்து, மெதுவான வேகத்தில், ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே லிவரை லேசாக ஏற்றி இறக்கினார். பின்பக்க டிரம்மில் கோணல் இருந்தால் அப்போது முதுகில் தெரியும். எதுவும் இல்லை. முன்பக்கம்தான் என்று உறுதி. திரும்பி வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய் அனலைப் பார்த்தார். இடது முன் சக்கரம் மற்றதைவிடக் கொஞ்சம் சூடு.

ஜாக்கி போட்டுத் தூக்கியதும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், அது பேரிங்குக்கு. இடமும் வலமும் ஆட்டினார், அது ஸ்டீரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடுக்கு. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில் ஒரு லிவரைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். இவையெல்லாம் தேய்ந்திருந்தால் சின்ன உதறலைப் பெரிதாக்கிக் காட்டும், உதறலை உண்டாக்குவது பெரும்பாலும் இவை கிடையாது என்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, "கேளுங்க சார்" என்றார். குனிந்து காதைக் கொடுத்தேன். சர்... கொஞ்சம் அமைதி. சர்... கொஞ்சம் அமைதி. ஒரு சுற்றுக்கு ஒரு முறை பேட் எதன் மேலோ உரசுகிறது.

முள் நகர்ந்தது

சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் ஆடாமல் இருக்க வாஷர் வைத்து நட்டுகளைத் திரும்ப மாட்டினார். காந்த அடி உள்ள ஒரு ஸ்டாண்டை எடுத்து வைத்து, அதில் ஒரு டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனையை டிஸ்க்கின் வெளி ஓரத்துக்குச் சற்று உள்ளே தொட வைத்தார். முள்ளை பூஜ்யத்துக்குத் திருப்பினார். டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் மெதுவாக ஏறியது, 4, 7, 10, 12 கோடு வரை போய் நின்று, திரும்ப இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். ஆக டிஸ்க் பக்கவாட்டில் 0.12 மில்லிமீட்டர் ஆடுகிறது. நல்ல வண்டியில் இது 0.05-க்குள் இருக்கவேண்டும் சார் என்றார். அப்புறம் மைக்ரோமீட்டரை எடுத்து டிஸ்க்கின் கனத்தைச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்து, ஒவ்வொரு எண்ணையும் டிஸ்க் மேலேயே சாக்பீஸால் எழுதினார். 21.72, 21.72, 21.71, 21.70, 21.69, 21.69, 21.70, 21.71.

அந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லவேண்டும். நான் பதினேழு வருடமாகத் தோல் அளக்கிறவன். ஷூ அப்பர் தோல் உள்ளே வரும்போது கனம் பார்ப்பதுதான் என் வேலை. 1.2-இலிருந்து 1.4 மில்லிமீட்டர் என்று ஆர்டர் இருந்தால் முதுகுப் பக்கம், கழுத்துப் பக்கம், வயிற்றுப் பக்கம் என்று ஒவ்வொரு தோலிலும் பல இடத்தில் கேஜை வைத்துப் பார்ப்போம். ஒரே தோல்தான், பார்வைக்கு ஒரே சீராக இருக்கும், ஆனால் கேஜ் வேறு கதை சொல்லும். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, கண்ணை நம்பாதே, ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்திருக்காதே என்பதைத்தான். அப்படிப்பட்டவன் என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியின் டிஸ்க்கை யாராவது அளந்தார்களா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பெண்ட் என்று சொன்னார்கள், வளைந்த ஒரு தட்டை மனசில் பார்த்தேன், சரி என்று காசு எடுத்துக் கொடுத்தேன். எட்டு எண்களில் கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. எங்கள் தோல் கேஜில் அது தெரியவே தெரியாது. மாதனூரில் என் கையை உதறித் தள்ளியது இந்த 0.03.

பாய் விளக்கியதையும் பிறகு நான் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். டிஸ்க் முழுவதும் ஒரே கனமாக இருந்து, கொஞ்சம் கோணலாகச் சுற்றினால்கூட எங்கள் மாதிரி வண்டிகளில் பெரிதாகத் தெரியாது. பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர், பின் என்ற சின்னக் கம்பியில் நகரும் அமைப்பு என்பதால் டிஸ்க் போகும் பக்கம் அதுவும் கூடவே போய்விடும். கனம் மாறினால்தான் ஆபத்து. இரண்டு பேடுக்கும் நடுவில் கனமான இடம் வரும்போது பிடி இறுகுகிறது, மெல்லிய இடம் வரும்போது தளர்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு இறுக்கம், ஒரு தளர்ச்சி. அது லோயர் ஆர்ம், டை ராட் வழியாக ஏறி ஸ்டீரிங்குக்கு வருகிறது. என் டயர் 185/65 ஆர்15, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் உருளும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 சுற்று. முன்பக்க சஸ்பென்ஷனுக்கு என்று இயல்பான ஓர் ஆட்டம் உண்டு, அதுவும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் ஆடும். இரண்டும் சேரும்போது ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி உதறல் பெருகுகிறது. ஊருக்குள் 40-இல் நொடிக்கு ஆறு சுற்றுகூட வராது, அதனால்தான் கிரீன் சர்க்கிளில் ஒன்றும் தெரியவில்லை.

சரி, புது டிஸ்க்கில் கனம் எப்படி மாறியது? அதற்குத்தான் அந்த 0.12. பாய் டிஸ்க்கையும் ஹப்பையும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றினார். வரவில்லை, ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் வந்தது. உள்ளே ஹப்பின் முகத்தில் துரு. லேசான செந்நிறப் படலம் இல்லை, காய்ந்த சோற்றுப் பொருக்கு மாதிரி தடித்து, போல்ட்டுகளைச் சுற்றி ஒரு பக்கம் அதிகமாக ஏறியிருந்தது. தண்ணீரில் நின்ற வண்டியா என்றார். 2021 நவம்பர் என்றேன். புது டிஸ்க் போட்டவர்கள் இந்தப் பொருக்கின் மேலேயே வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஹப்பில் ஒரு சின்ன மேடு இருந்தால் டிஸ்க்கின் வெளி ஓரத்தில் அது பெரிய கோணலாகத் தெரியும். பிரேக் அடிக்காமல் போகும்போதுகூட அந்தக் கோணல் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தொட்டுக்கொண்டே போகும். நான் கேட்ட அந்த சர். பத்தாயிரம் கிலோமீட்டர் அப்படி உரசினால் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். லேத்தில் கடைந்து போட்டால் கனம் சமமாகிவிடும், உதறல் போய்விடும், ஆனால் வைக்கும் ஹப் பழைய ஹப்தானே. அதனால் திரும்ப முதலிலிருந்து தேய ஆரம்பிக்கும். புதுசு போட்டாலும் இதே கதைதான். வளைந்து போன எதுவும் அந்த வண்டியில் இல்லை. வார்ப்பிரும்பு டிஸ்க் ரோட்டில் ஓடுகிற சூட்டில் வளைவது மிக அரிது.

கம்பி பிரஷ்ஷும் எமெரி ஷீட்டும் வைத்து அரை மணி நேரம் தேய்த்தார். போல்ட்டைச் சுற்றி இருக்கும் மூலைகளில்தான் அதிக நேரம் எடுத்தது. இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் ஹப்பின் மேலேயே டயல் கேஜை வைத்துப் பார்த்தார், 0.02. அதே டிஸ்க்கைத் திரும்ப வைத்து அளந்தார், 0.04. எதையும் மாற்றாமல் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இடது காலிப்பரின் இரண்டு பின்னில் ஒன்று காய்ந்து இறுகிப் போயிருந்தது, அந்தச் சூட்டுக்குக் காரணம் அதுதான். அதைத் துடைத்து ரப்பருக்கு ஒத்துவரும் சிலிகான் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி மறுபடி இறுகிவிடுமாம். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் 20 என்று பொறித்திருந்ததைக் காட்டி, இன்னும் நிறைய இருக்கிறது, தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லி, பின்னால் இருந்த லேத்தில் இரண்டு பக்கமும் லேசாக ஓட்டி 21.5-க்குக் கொண்டுவந்தார். பேடின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்தார். வலது பக்கம் 0.04-தான் இருந்தது, ஆனாலும் அதையும் கழற்றிச் சுத்தம் செய்தார்.

நட்டு இறுக்கும்போது எதிரெதிராக, முதலில் பாதி, அப்புறம் முழுசு என்று, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார். என் வண்டிக்கு 100 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து ஒரு நட்டை உயிர் போகிற மாதிரியும் இன்னொன்றை அரைகுறையாகவும் இறுக்கிவிட்டால் சுத்தமான ஹப்பிலும் கோணல் வந்துவிடும். இது நம் ஊரில் யாரும் பொருட்படுத்தாத விஷயம், எனக்கு இதில் மிகவும் வருத்தம் உண்டு. ஹைவேயில் பஞ்சர் ஒட்டினால் இப்போது நானே நட்டுகளைத் தளர்த்தி என் ரெஞ்சில் திரும்ப இறுக்குகிறேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.

சாயங்காலம் அவர் சொன்னபடி காலியான ரோட்டில் 60-இலிருந்து 10 வரை பத்து முறை, முழுசாக நிறுத்தாமல், சீராக பிரேக் அடித்தேன். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகுவதற்கு. பிறகு பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆற வைத்தேன். "வேகமா வந்து சூடா இருக்கறச்சே டோல்கேட்ல பெடல அமுக்கிக்கினே நிக்காதீங்க சார். பேட் ஒரே எடத்துல ஒட்டிக்கும், அதுவும் ஒதறும்" என்றார். ஏலகிரி இறங்கும்போது அந்த 14 வளைவிலும் இரண்டாம் கியரில் வரச் சொன்னார். ஹைவேயிலிருந்து நேராக வாட்டர் சர்வீஸுக்குப் போகக் கூடாது என்றார். கூலி 1,400 ரூபாய். அதற்கு மேல் கொடுத்ததை அவர் வாங்கவில்லை.

கம்பெனித் தம்பியை நேற்று கொணவட்டத்துக்கு அனுப்பினேன். அவருக்குத் துரு இல்லையாம், நட்டு இறுக்கத்தில்தான் கோளாறாம், ஒன்று 60 நியூட்டன் மீட்டருக்கும் கீழே, அடுத்தது 150-க்கும் மேலே. இரண்டும் ஒரே உதறல்தான், ஆனால் வேறு வேறு காரணம். தம்பியின் டிஸ்க்கையும் பாய் மாற்றவில்லை, கடைந்து போட்டு அனுப்பியிருக்கிறார்.

என் வண்டி அதற்குப் பிறகு 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு டயல் கேஜ் நானும் வாங்கி வைத்திருக்கிறேன், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பேன். இடது பக்கம் இன்னும் 0.04. வலது பக்கம் இந்த முறை 0.06 காட்டியது, போன வருடம் 0.04 இருந்தது. ஸ்டீரிங்கில் இன்னும் எதுவும் தெரியவில்லை. எமெரி ஷீட் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் ஷெட் திறந்திருக்கும், ஒருமுறை அவர் கையாலும் முள்ளைப் பார்த்துவிடச் சொல்லவேண்டும்.